பெட்டியில் ரிப்போர்ட்டும் இருக்கட்டும்



கர்ப்பம் உறுதியானதும் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் எவ்வளவு, சர்க்கரை இருக்கிறதா என்றுதான் வீட்டில் கேட்போம். அதே தாளில் ‘ஹெச்.பி.எஸ். ஏஜி’ என்று ஒரு வரி இருக்கும். ஹெபடைட்டிஸ் பி கிருமி உடம்பில் இருக்கிறதா என்று சொல்லும் வரி அது. பெரும்பாலும் நெகட்டிவ்.

எங்கோ ஒரு வீட்டில் பாசிட்டிவ் என்று வந்துவிட்டால்? நேற்றுவரை தாங்கிய மருமகளுக்கு இன்று தனித் தட்டு, தனி டம்ளர். “உனக்கு எப்படி வந்தது?” என்ற கேள்வி வேறு.

பல பெண்களுக்கு இது பிறக்கும்போதோ சிறு வயதிலோ வந்ததாகவே இருக்கும். பச்சைக்குழந்தையாக இருக்கும்போது தொற்றினால் 100-ல் 90 பேருக்கு வைரஸ் உடம்பிலேயே தங்கிவிடுகிறது. பெரியவர்களுக்கு அப்படித் தங்குவது 100-ல் 5 பேருக்கும் குறைவு. இந்தக் கணக்கு புரிந்தால், பழி போட யாருக்கும் மனசு வராது. குழந்தைக்கு ஊசி போட ஏன் இத்தனை அவசரம் என்பதும் விளங்கும்.

குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி. கூடவே, முடிந்தால் 12 மணி நேரத்துக்குள், இம்யூனோகுளோபுலின் ஊசி. பிறகு வழக்கமான 6, 10, 14 வார ஊசிகள். தாயின் ரத்தத்தில் வைரஸ் அளவு மில்லிக்கு 2 லட்சம் யூனிட்டோ அதற்கு மேலோ இருந்தால், 28-வது வாரத்திலிருந்து டெனோஃபோவிர் மாத்திரையும் உண்டு. அளவு பார்க்க வசதியில்லாத இடத்தில், பாசிட்டிவ் தாய்மார் எல்லோருக்குமே இதைக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2024-ல் சொல்லிவிட்டது. இதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை.

சிக்கல் மருத்துவத்தில் இல்லை, நம் வழக்கத்தில் இருக்கிறது. 28-வது வாரம் என்றால் ஏழாம் மாதம். ஏழிலோ ஒன்பதிலோ வளைகாப்பு போட்டுப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறோம். ஊர் மாறுகிறது, டாக்டர் மாறுகிறார். வளையல், பட்டுப்புடவை, பலகாரம் எல்லாம் போகிறது. ரிப்போர்ட் மட்டும் மாமியார் வீட்டு பீரோவிலேயே தங்கிவிடுகிறது. சில வீடுகளில் “சம்பந்தி வீட்டுக்குத் தெரிய வேண்டாமே” என்று வேண்டுமென்றே ஒளித்தும் வைக்கிறார்கள். நடுராத்திரியில் வலி கண்டு, பக்கத்தில் இருக்கும் நர்சிங் ஹோமுக்கு ஓடும்போது அங்கே யார் சொல்வது? தெரிந்தால்தானே அந்த இம்யூனோகுளோபுலின் ஊசியை வரவழைத்து வைப்பார்கள்?

மாத்திரைக்குப் பதில் கீழாநெல்லி போதாதா என்றும் கேட்பீர்கள். அது இந்த வைரஸுக்குப் பலன் தருகிறது என்று சென்னையில் நடந்த ஓர் ஆய்வு 1988-ல் ‘லான்செட்’ இதழில் வந்தபோது உலகமே நம் கீழாநெல்லியைத் திரும்பிப் பார்த்தது. இந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு வாங்கிய புளூம்பெர்க்கும் அந்த ஆய்வில் பங்கு பெற்றவர். நமக்குப் பெருமைதான். ஆனால் பின்னால் வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. வயிற்றில் குழந்தையோடு இருப்பவளுக்கு மாத்திரைக்குப் பதிலாக அதை அரைத்துக் கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

தாய்ப்பால்? தாராளமாகக் கொடுக்கலாம், டெனோஃபோவிர் சாப்பிட்டாலும் கொடுக்கலாம். பாட்டிகள் அவசரப்பட்டுப் பவுடர் டின் வாங்கிவிட வேண்டாம். தட்டு, டம்ளரால் இது பரவாது. ரேசர், நகவெட்டி, பல் பிரஷ் ஆகியவற்றைத்தான் பகிரக் கூடாது. கணவர் ஒரு முறை ரத்தம் பார்த்துவிட்டு, தொற்றும் எதிர்ப்புச் சக்தியும் இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளட்டும். ஐயா, உங்களைத்தான்!

பிள்ளை பிறந்ததும் எல்லோர் கண்ணும் தொட்டில்மேல். அம்மாவின் கல்லீரல் யார் ஞாபகத்தில் இருக்கும்? பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு நோய் திடீரென்று கிளம்பும். மாத்திரையைத் தானாக நிறுத்துவது ஆபத்து. முதல் ஆறு மாதம் டாக்டர் கண்காணிப்பில் இருந்தே ஆக வேண்டும். பிறகும் அவர் சொல்லும் இடைவெளியில் பரிசோதனை தொடர வேண்டும். 2018-ல் தொடங்கிய, ஹெபடைட்டிஸுக்கான தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவீர்கள் அல்லவா? தொற்று வரவில்லை என்று உறுதிசெய்ய, குழந்தைக்கு ரத்தம் பார்க்கத் தொடங்கும் சமயமும் அதுதான். அந்தத் தேதிக்குப் பக்கத்திலேயே அம்மாவின் செக்கப் தேதியையும் தடுப்பூசி அட்டையில் எழுதி வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்