அண்ணை றைற்

இந்தப் பிப்ரவரி 13ஆம் தேதி உலக வானொலி தினம் வந்துபோனது. 1946இல் அதே தேதியில் ஐ.நா. வானொலி தொடங்கியதை முன்னிட்டு யுனெஸ்கோ 2011இல் அறிவித்த நாள் அது. கோபார், தம்மாம், ஜுபைல் என்று சவூதியின் கிழக்கு மாகாணத்துத் தமிழர் குழுக்கள் எல்லாவற்றிலும் அன்று காலையிலிருந்தே வாழ்த்துகள். மரப்பெட்டி ரேடியோவின் படங்கள். பழைய அறிவிப்பாளர்களுக்கு அஞ்சலிகள். அதிலெல்லாம் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அந்த அஞ்சலிகளில் திரும்பத் திரும்ப வந்த ஒரு வாக்கியம்தான் வாரம் முழுவதும் உறுத்திக்கொண்டிருக்கிறது: “வானொலியில் தொடங்கி, படிப்படியாக உயர்ந்து, சினிமாவுக்கு வந்தார்.” இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது என் பழைய கோபம் என்று தெரியும். நடிகர் டெல்லி கணேஷ் 2024 நவம்பரில் மறைந்தபோதும் இதைத்தான் எழுதினேன். எத்தனை படம் என்று எல்லோரும் எண்ணினார்கள். விமானப்படையில் இருந்துகொண்டு டெல்லியின் தட்சிண பாரத நாடக சபாவில் அவர் பயின்ற நடிப்பை முன்கதை போல இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள்.

“உயர்ந்து” என்ற சொல்லில் ஓர் ஏணி ஒளிந்திருக்கிறது. கீழ்ப்படி வானொலி, அடுத்தது மேடை, அதற்கு மேல் தொலைக்காட்சி, உச்சியில் சினிமா. இந்த ஏணி உண்மையில் இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. பூர்ணம் விஸ்வநாதனை எடுத்துக்கொள்ளுங்கள். அகில இந்திய வானொலியின் டெல்லித் தமிழ்ச் செய்திப் பிரிவில் இருந்தவர். 1947 ஆகஸ்டில் நாட்டின் விடுதலைச் செய்தியைத் தமிழில் வாசித்த குரல் என்று பெயர் பெற்றவர். பிறகு சென்னையில் சுஜாதாவின் நாடகங்களை மேடையேற்றினார். ‘ஊஞ்சல்’, ‘கடவுள் வந்திருந்தார்’ இரண்டையும் அவரில்லாமல் நினைக்க முடியாது. திரையில் அவர் செய்தவை பெரும்பாலும் அப்பா, மேலதிகாரி, பக்கத்து வீட்டுப் பெரியவர். அந்தச் சிறிய வேடங்களில் அவர் வாக்கியத்தை எங்கே நிறுத்துகிறார், எந்தச் சொல்லுக்குக் குரலைத் தாழ்த்துகிறார் என்று கவனித்துக் கேளுங்கள். அது செய்தி வாசித்தவரின் மூச்சுக் கணக்கு. மேடை நடிகர் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி குரலை எறிந்து பழகியவர். ஒலிவாங்கிக்கு முன் உட்கார்ந்தவரோ ஒரு சாண் தூரத்தில் இருப்பவரிடம் பேசிப் பழகியவர். முகத்துக்கு மிக அருகே வரும் கேமராவுக்கு வேண்டியது இரண்டாவது பயிற்சி. அப்படியென்றால் அவர் வானொலியை விட்டு எங்கே ஏறிப் போனார்? அதே தொழிலை இன்னொரு கருவிக்கு முன் செய்தார்.

கோபாரில் இருப்பவர்களுக்கு இது மற்றவர்களைவிட எளிதாகப் புரிய வேண்டும். சவூதியில் பொதுத் திரையரங்குகள் ஏறத்தாழ 35 ஆண்டுகள் இல்லை. தடை விலகும் என்ற அறிவிப்பு 2017 டிசம்பரில் வந்தது. முதல் அரங்கம் 2018 ஏப்ரல் 18 அன்று ரியாத்தில் திறந்தது. அந்தக் கோடையிலேயே ‘காலா’, சவூதியில் வெளியாகும் முதல் இந்தியப் படம் என்ற அறிவிப்போடு வந்துசேர்ந்தது. அதுவரை இந்த ஊர்க்காரருக்குப் பெரிய திரை வேண்டுமென்றால் 1986இல் திறந்த பாலத்தில் 25 கிலோமீட்டர் கடலைக் கடந்து பஹ்ரைனுக்குப் போக வேண்டும். மற்ற நாட்களில் கலை இங்கே வந்தது பெரும்பாலும் ஒலிநாடாவிலும் வீடியோ கேசட்டிலும்தான். பக்கத்தில் தஹ்ரானிலோ அராம்கோ நிறுவனம் 1957 செப்டம்பரிலேயே தன் தொலைக்காட்சி நிலையத்தைத் தொடங்கிவிட்டது. அமெரிக்கத் தொடர்களுக்கு அரபுக் குரல் கொடுத்து ஒளிபரப்பினார்கள். பொதுத் திரையரங்கு இல்லாத ஊரில், குரலை நம்பி ஒரு காட்சிக் கலை நடந்தது. 1998 கடைசியில் அந்த நிலையம் மூடப்பட்டது.

வானொலி தினத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அஞ்சலிகளைப் படிக்கப் படிக்க, அவற்றில் இல்லாத ஒருவரே மனத்தில் வந்து நின்றார். கே.எஸ். பாலச்சந்திரன். யாழ்ப்பாணம் வடமராட்சியில் கரவெட்டிக்காரர். 1944இல் பிறந்தார்; 2014 பிப்ரவரி 26 அன்று கனடாவில் மறைந்தார். நினைவு நாளும் இந்த மாதமேதான். வானொலி நாடகம், மேடை, தனிநடிப்பு, திரைப்படம், தொலைக்காட்சி நாடகம், பிறகு நாவல் என்று எல்லாவற்றிலும் கை வைத்தவர். ஆள் பார்த்த உத்தியோகமோ இலங்கை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில். அவர் நடித்த படங்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். ஏணிக் கணக்குப்படி பார்த்தால் சிறிய ஆள். அந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்பதற்கு அவருடைய ‘அண்ணை றைற்’ ஒன்று போதும்.

நம் ஊர் நடத்துநர் “போலாம் ரைட்” என்பதை யாழ்ப்பாணத்து நடத்துநர் ஓட்டுநரைப் பார்த்து “அண்ணை றைற்” என்பார். அந்த இரண்டு சொல்லையே தலைப்பாக்கி பாலச்சந்திரன் ஒரு தனிநடிப்பு செய்தார். மேடையில் பேருந்து இல்லை, இருக்கை இல்லை, பயணி இல்லை. தோளில் பையோடு ஒரு நடத்துநர் மட்டும். நெரிசல், வியர்வை, சில்லறைத் தகராறு, இறங்கும் இடம் தெரியாதவர், ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் படியில் தொங்குபவர் என்று அத்தனை பேரையும் ஒரு குரல் வரவழைத்தது. ஊர் ஊராக மேடையேறி, வானொலியில் ஒலித்து, ஒலிநாடாவாகி, ஈழத்தமிழர் போன நாடுகளுக்கெல்லாம் போயிற்று. கவனிக்க வேண்டியது இது: மேடைக்குச் செய்த ஒன்று, உடலே தெரியாத ஒலிநாடாவில் ஏறியபோதும் எதையும் இழக்கவில்லை. அந்தப் பேருந்து முதலிலிருந்தே குரலால் கட்டியது. வானொலி நாடகத்தில் பழகாத ஒருவர் அப்படி ஒரு பேருந்தைக் கட்டியிருக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

ஏணி தலைகீழாகவும் நின்றதுண்டு. சில்லையூர் செல்வராசன் ‘தணியாத தாக’த்தை எழுதியது திரைப்படச் சுவடியாக. அது வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது இலங்கை வானொலியின் தொடர் நாடகமாக. பாலச்சந்திரனும் அதில் இருந்தார். சினிமாவுக்கு எழுதிய ஒன்று வானொலிக்கு இறங்கி வந்தது என்று சொல்வோமா? மற்றொரு பக்கம் ‘கோமாளிகள்’. எஸ். ராமதாஸ் எழுதிய வானொலி நகைச்சுவைத் தொடர், 1976இல் அதே நடிகர்களோடு படமாயிற்று. மரிக்காராக ராமதாஸ், அப்புக்குட்டியாக டி. ராஜகோபால், ஐயராக அப்துல் ஹமீது, உபாலியாகச் செல்வசேகரன். முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், பிராமணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ். வானொலியில் வேட்டியும் தொப்பியும் தெரியாது. பேச்சு வழக்கே உடுப்பு, அதுவே ஒப்பனை. ராமதாசுக்கு அந்த உடுப்பைக் கடைசிவரை கழற்ற முடியவில்லை. ‘மரிக்கார்’ அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

இதற்கு வரக்கூடிய மறுப்புகள் தெரியும். முதலாவது, கலைஞர்களே சினிமாவைத்தானே விரும்பினார்கள் என்பது. விரும்பினார்கள். பணமும் புகழும் அங்கே இருந்தன. அதை மறுப்பது பொய். ஆனால் சம்பளப் பட்டியல் சந்தையைப் பற்றிச் சொல்லும், கலையைப் பற்றிச் சொல்லாது. கல்யாண வீட்டுக் கச்சேரிக்கு அதிகப் பணம் கிடைக்கிறது என்பதற்காக அதைச் சபாக் கச்சேரிக்கு மேல் என்று யாரும் எழுதுவதில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. பத்து இடத்தில் கால் வைத்தவர் ஓரிடத்திலும் ஆழமாக ஊன்றியிருக்க மாட்டார் என்பார்கள். இலங்கைத் தமிழ்க் கலையில் இதற்கு ஒரு நேரான காரணம் உண்டு: எந்த ஒரு துறையும் ஒருவருக்குச் சோறு போடும் அளவுக்குப் பெரிதாக இருக்கவில்லை. தமிழகப் படங்கள் கப்பலேறி வந்துகொண்டிருந்த சந்தையில் உள்ளூர்த் தமிழ்ப்படம் ஒன்றை எடுப்பதே போராட்டம். செங்கை ஆழியானின் நாவலைப் பிரேம்நாத் மொறாயஸ் 1978இல் ‘வாடைக்காற்று’ என்று படமாக்கினார். அதில் நடித்தவர்களைப் பாருங்கள்: டாக்டர் இந்திரகுமார் மருத்துவர், ஏ.ஈ. மனோகரன் ‘சுராங்கனி’ பாடிய பொப்பிசைப் பாடகர். பாலச்சந்திரன் வரி அலுவலகத்துக்காரர். முழுநேர நடிகர் என்ற இனமே அங்கே உருவாக வழியில்லை. அப்படியும் நெடுந்தீவுக் கரையின் கதை திரைக்கு வந்தது என்றால், இவர்கள் ஒவ்வொருவரும் நாலு வேலை பார்த்ததால்தான் வந்தது. மேலும், நாலும் வேறு வேறு வேலை என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. காது ஒன்று, மூச்சு ஒன்று, மனிதரைக் கவனிக்கும் கண் ஒன்று. ‘கரையைத் தேடும் கட்டுமரங்கள்’ என்று கடலோர மக்களைப் பற்றி அறுபது வயதுக்கு மேல் நாவல் எழுதியவரும், பேருந்து நெரிசலை ஒற்றைக் குரலில் கொண்டுவந்தவரும் அதே பாலச்சந்திரன்தான்; இரண்டுக்கும் ஒரே கவனத்தோடு ஊரைக் கேட்டார்.

பிறகு ஏன் எல்லோர் கண்ணுக்கும் ஏணி தெரிகிறது? சினிமா மட்டும் மிச்சம் இருப்பதால். இதுதான் விஷயம். படச்சுருள் விற்பனைப் பொருள். அதைப் பத்திரப்படுத்த ஒருவருக்குக் காசுக் காரணம் உண்டு. (அதுவும் எல்லா இடத்திலும் தப்பவில்லை. 1983 ஜூலைக் கலவரத்தில் இலங்கையின் ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது படச்சுருள்களும் சேர்ந்து எரிந்தன.) வானொலி நாடகமோ ஒலிபரப்பான மறுநாளே பழையது. காந்த நாடா விலை அதிகம். அழித்து, அதன்மேலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவது உலகம் முழுவதும் நிலையங்களில் நடந்தது. பி.பி.சி.யே அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தன் தொலைக்காட்சித் தொடர்களை அழித்துவிட்டு இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறது. ஆக, ஒருவரின் வாழ்நாள் வேலையில் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. எஞ்சியதை மட்டும் தராசில் வைத்து, இவ்வளவுதான் எடை என்கிறோம். எஞ்சியது சினிமா என்பதால் சினிமாவே சிகரம் என்று முடிவும் கட்டுகிறோம்.

காற்றில் கரைவதுதான் வானொலியின் அழகு என்று மூன்றாவதாக ஒரு மறுப்பு உண்டு. கேட்க இனிமையாக இருக்கிறது. இலங்கை வானொலியின் இசைத்தட்டுக் களஞ்சியத்தைப் புகழ்பவர்கள் யாரும் அந்தத் தட்டுகளும் கரைந்திருக்கலாம் என்று சொன்னதில்லை. சினிமாப் பாட்டுக்கு ஒரு நியாயம், அதே அலைவரிசையில் ஒலித்த நாடகத்துக்கு வேறு நியாயமா?

வேறு மாதிரியும் நடக்கும் என்பதற்கு மெக்சிகோ இருக்கிறது. 1930இல் அங்கே அஸ்காராகா குடும்பம் தொடங்கிய எக்ஸ்.இ.டபிள்யூ. வானொலியின் வழியில்தான் பின்னாளில் அவர்களுடைய தொலைக்காட்சி வளர்ந்தது. ஒரே ஆள் வானொலிக்கும் திரைக்கும் தொலைக்காட்சிக்கும் எழுதுவது அங்கே இயல்பு. ‘எல் சாவோ’ தொடரைத் தந்த ரொபெர்தோ கோமெஸ் பொலாஞோஸ், ஒரு நகைச்சுவை இரட்டையருக்கு வானொலியில் வசனம் எழுதி, அவர்கள் படங்களுக்கும் எழுதி, பிறகு தானே நடிக்க வந்தவர். அவரைக் குட்டி ஷேக்ஸ்பியர் என்ற பொருளில் ‘செஸ்பிரீத்தோ’ என்று அழைத்தார்கள். எந்தப் படியில் நின்றபோது பெரியவர் என்று அளந்து பார்க்கவில்லை. இன்னும் முக்கியமானது, 2008இல் மெக்சிகோ நகரின் கொயோவகான் பகுதியில் தேசிய ஒலிக் காப்பகம் ஒன்றைத் திறந்தார்கள். பழைய வானொலிப் பதிவுகளும் தெருவில் கூவி விற்பவர்களின் குரல்களும்கூட அங்கே ஆவணம். அது இருக்கும் பழைய மாளிகையில்தான் ஒக்தாவியோ பாஸ் தம் கடைசி நாட்களைக் கழித்தார். இந்தியாவில் தூதராக ஆறாண்டு இருந்த அதே கவிஞர். ஒரு கவிஞர் இறந்த வீட்டை நாட்டின் குரல்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

தமிழுக்கு அப்படி ஒரு மாளிகை இல்லை. ஈழத்து எழுத்துகளை 2005 முதல் எண்ணிமமாக்கிவரும் நூலகம் நிறுவனம், ஒலிப்பதிவுகளையும் சேர்க்கிறது; தனி மனிதர்கள் கொடுப்பதை வைத்துத்தான் அது நடக்கிறது. கொடுக்கக்கூடியவர்களில் பலர் இந்த வளைகுடாவில் இருக்கிறார்கள். எண்பதுகளில் இங்கே வந்தவர்களின் பெட்டிகளில் ஊரிலிருந்து வந்த கேசட்டுகள் இன்னும் கிடக்கும். காந்தத் துகள் பூச்சுக்கு வெப்பமும் புழுக்கமும் ஆகாது. கோபாரில் ஆகஸ்ட் மாதம் இரண்டையும் சேர்த்தே தரும். காரிலோ பரணிலோ வைத்திருந்தால் முதலில் குளிரூட்டிய அறைக்குக் கொண்டுவாருங்கள். உடனே போட்டுக் கேட்காதீர்கள். ஒரு முறை முழுக்கச் சுற்றி, நாடா ஒட்டாமல் ஓடுகிறதா என்று பார்த்த பிறகு, முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிந்துவிடுங்கள். இரண்டாவது ஓட்டம் கிடைக்காமல் போகலாம். கூடவே ஒரு தாளில் நிலையம், ஆண்டு, தெரிந்த குரல்களின் பெயர்கள் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். வானொலி நாடகத்தில் கடைசியாக அறிவிப்பாளர் வேகமாகச் சொல்லிப்போகும் நடிகர் பட்டியல் வருவதற்கு முன்பே நாடா முடிந்துவிட்ட பதிவுகள் நிறைய உண்டு. அந்தக் குரல்களை இன்னார் என்று அடையாளம் சொல்லக்கூடியவர்கள் அறுபதையும் எழுபதையும் தாண்டியவர்கள். இந்த ரமலான் விடுமுறையில் அவர்களிடம் போட்டுக்காட்டிக் கேட்டுவிடலாம்.