கூலிப்படைக்குக் கம்பெனிப் பெயர்!

1960-ல் காங்கோ சுதந்திரமடைந்த இரண்டே வாரத்தில், பெல்ஜிய சுரங்க முதலாளிகளின் பணபலத்தில் செம்பு விளையும் கட்டாங்கா பிரிக்கப்பட்டது. காவலுக்கு வெள்ளைக் கூலிப்படை வந்தது. மில்லிலும் வயலிலும் நாம் வாங்குவதும் கூலி. கொலைக்கு இவர்கள் வாங்குவதும் கூலியாம்! 1961 ஜனவரியில் பிரதமர் லுமும்பா கொல்லப்பட்ட பிறகே, கூலிப்படை வெளியேற வேண்டுமென்று ஐ.நா. பாதுகாப்புச் சபை தீர்மானித்தது.

கூலிப்படை திரட்டுவதையும் பணம் கொடுப்பதையும் குற்றமாக்கும் சர்வதேச ஒப்பந்தம் 1989-ல்தான் பிறந்தது, அமலானது 2001-ல். அமெரிக்காவும் பிரிட்டனும் சேரவில்லை. ஏன் சேரும்? ஒப்பந்தத்திலேயே ஓட்டை வேறு: போரிடும் நாட்டின் பிரஜை கூலிப்படையாள் ஆகமாட்டானாம். கூலி கொடுப்பவனைப் பிடிக்காத சட்டம் யாருக்கு என்று கேட்கிறோம்.

இன்று அதற்குப் பெயர் 'பாதுகாப்புக் கம்பெனி'. 2007-ல் பாக்தாதில் பிளாக்வாட்டர் ஆட்கள் 17 பேரைச் சுட்டுக் கொன்றனர். தண்டனை பெற்ற நால்வரையும் 2020-ல் ஜனாதிபதி டிரம்ப் மன்னித்து விடுவித்தார். கம்பெனி முதலாளியோ கூண்டிலேயே ஏறவில்லை.