முதலில் நீர், பிறகு மீன்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் அலங்கார மீன் வாங்கித் தரும்படி பிள்ளைகள் நச்சரிப்பது இயல்பு. நாமும் தொட்டி, வடிகட்டி, வண்ணக் கற்கள், தங்கமீன்கள் அனைத்தையும் ஒரே நாளில் வாங்கி, அன்று மாலையே நீரை நிரப்பி மீன்களை விட்டுவிடுகிறோம். சில நாள்களில் அவை ஒவ்வொன்றாக மிதக்கின்றன. "அழாதே, வேறு வாங்கித் தருகிறேன்" என்று தேற்றுகிறோம். உயிர் என்பது கடையில் மாற்றிக்கொள்ளக்கூடிய பொருள் என்ற பாடத்தைப் பிள்ளை அன்றே கற்றுக்கொள்கிறது. தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கக்கூடாது. இடையில் நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காரணம் எளிது. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனின் செவுள்களை அரிக்கும் நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சுதான், இரத்தம் உயிர்வளியைச் சுமக்கவிடாமல் தடுக்கும். மற்றொரு வகை நுண்ணுயிர்கள் அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. மண்ணில் இம்மாற்றத்தை நிகழ்த்தும் நுண்ணுயிர்களை ரஷ்ய அறிஞர் செர்கெய் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டளவில் பிரித்தெடுத்துக் காட்டினார். இந்நுண்ணுயிர்கள் மிக மெதுவாகவே பெருகும். புதிய தொட்டியில் அவை இல்லை. தெளிந்த நீரைப் பார்த்து நாம் ஏமாந்துபோகிறோம்.

"அந்தக் காலத்தில் தோட்டத்தில் போத்தலிலேயே சண்டை மீன் வளர்த்தோமே, அது சாகவில்லையே" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. சண்டை மீன் நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றையே சுவாசிக்கவல்லது. அது சிறிய மீன், கழிவும் குறைவு. போத்தல் நீரையும் அடிக்கடி மாற்றிவந்தோம். தங்கமீனுக்கு அத்தகைய சுவாச உறுப்பு இல்லை; அதன் கழிவோ மிகுதி. ஒன்றுக்குப் பொருந்தியது மற்றொன்றுக்குப் பொருந்தாது.

என்ன செய்யலாம்? தொட்டியில் நீர் நிரப்பி, குளோரினை நீக்கும் மருந்தைக் கலந்து, வடிகட்டியை இரவும் பகலும் ஓடவிடுங்கள். நம் வெப்பநிலைக்குத் தனிச் சூடேற்றி தேவையில்லை. மீன் இல்லாத அத்தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவு இடுங்கள். அது அழுகித் தரும் அம்மோனியாவே நுண்ணுயிர்களுக்கு உணவு. நோயற்ற பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் காலம் குறையும். மீன் கடைகளில் கிடைக்கும் நீர்ச் சோதனைப் பெட்டியால் வாரம் இருமுறை அளந்து பாருங்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும்; பின்னர் நைட்ரைட் ஏறி இறங்கும். உணவு இட்டுவரும்போதே இரண்டும் சுழியமாகி நைட்ரேட் மட்டும் தென்பட்டால் தொட்டி ஆயத்தம். பாதி நீரை மாற்றிவிட்டு, ஓரிரு மீன்களை மட்டும் விடுங்கள். வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் கழுவாதீர்கள். குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். தொட்டி நீரிலேயே அலசுங்கள்.

ஈப்போ வட்டாரத்தார்க்கு இன்னொன்று. கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் கிடக்கும் அழகிய கற்களை எடுத்து வந்து தொட்டியில் வைக்காதீர்கள். சுண்ணாம்புக்கல் நீரின் காரத்தன்மையைக் கூட்டும். காரம் கூடினால் அதே அளவு அம்மோனியாவும் கொடிய நஞ்சாகும். ஐயமிருந்தால் கல்லின்மேல் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல்.

தொட்டியைத் துப்புரவு செய்யும் என்று நம்பி வாங்கப்படும் 'பண்டாராயா மீன்' இதற்கு மாற்றாகாது. அது பாசியைத் தின்னும். ஆனால் தானும் கழிவிடும். ஓரடிக்கு மேலும் வளரும். இடம் போதாமல் ஆற்றில் விடப்பட்ட அம்மீன்கள் நம் நாட்டு ஆறுகளில் பெருகி உள்நாட்டு மீன்களுக்கு இடையூறாகிவிட்டன.

ஆசிரிய நண்பர்களே, யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டது. ஆறு வாரம் நீளும் ஒரு சோதனைக்கு இனியும் நேரமில்லை என்று நாம் சொல்வது பொருந்துமா? மாணவர்களே அளந்து, அட்டவணையில் குறித்து, வரைபடம் வரையட்டும். அறிவியலும் கணிதமும் நன்னெறியும் அங்கே ஒன்றாக வந்துவிடும். பேராவில் தோட்டங்கள் பலவும் மறைந்து, நம் பிள்ளைகள் தாமான் வீடுகளில் வளர்கிறார்கள். ஓடையையும் குட்டையையும் காணாத அவர்களுக்கு இத்தொட்டிதான் முதல் நீர்நிலை.

பெற்றோரே, பிள்ளை மீன் கேட்டால் மறுக்க வேண்டாம். தொட்டியை இன்றே வாங்கிக் கொடுங்கள். "மீன் எப்போது வரும்?" என்று கேட்கும்போது நாட்காட்டியைக் காட்டாமல் சோதனைக் குழாயைக் காட்டுங்கள். மீன் வரும் நாளைப் பிள்ளையே கண்டுபிடித்துச் சொல்லட்டும்.