கொல்லிமலையின் நடு நூற்றாண்டு அரசியல்: கோப்புகளையும் வாய்மொழியையும் காப்பது குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

கொல்லிமலையின் 'நாடு' எனப்படும் மரபுவழிப் பிரிவுகளில் 1950-களிலும் 1960-களிலும் நடந்த தேர்தல்கள், ஊராட்சிகளின் தொடக்கம், அரசுத் திட்டங்களின் வருகை ஆகியவை பற்றி எஞ்சியிருக்கும் கோப்புகளையும், அவற்றைக் கண்ணால் கண்டவர்களின் வாய்மொழியையும் ஒரே தகுதியுடைய வரலாற்று ஆவணங்களாக ஏற்க வேண்டும் என்பது இவ்வறிக்கையை வெளியிடும் அமைப்பின் நிலைப்பாடு. வரலாற்று மதிப்பை ஆராயாமல் அக்காலக் கோப்பு எதையும் கழிக்கக் கூடாது என்பதும், மலையில் பதிவாகும் எந்தக் குரலும் ஒரு படியேனும் மலையில் விடப்படாமல் வெளியே கொண்டுசெல்லப்படக் கூடாது என்பதும் அதனோடு சேர்ந்தவை.

வாய்மொழி வரலாறு என்ற சொல் இங்கு வரையறுத்த பொருளில் ஆளப்படுகிறது. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் உடன்பிறந்தார் வெவ்வேறு மலைகளில் குடியேறிய கதை, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த வாய்மொழி மரபு. அதைச் சொல்பவர் எவரும் அதைக் கண்டவர் அல்லர். வாய்மொழி வரலாறோ, ஒருவர் தம் வாழ்நாளில் தாமே கண்டதையும் செய்ததையும் கேள்வி கேட்பவர் முன்னிலையில், நாளும் இடமும் குறிக்கப்பட்ட பதிவாகத் தருவது. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்களைப் பற்றி எழுதியோர் நூறாண்டுகளுக்கு மேலாக முதலாவதையே விரும்பித் திரட்டினர். வில்வித்தையில் பெயர்பெற்ற ஓரியின் காலத்திலிருந்து நேரே இன்றைய சுற்றுலாக் காலத்துக்குத் தாவிவிடும் எழுத்துகளே இம்மலையைப் பற்றி மிகுதி. இடையில் இங்கிருந்தோர் வாக்காளர்களாகவும் வேட்பாளர்களாகவும் ஊராட்சி உறுப்பினர்களாகவும் ஆன கதையைக் கேட்டவர் குறைவு.

இக்கதையைக் கேட்பது அவசரமாவதற்குக் காரணம் எளிய கணக்கு. 1952-இன் முதல் பொதுத் தேர்தலில் வாக்களிக்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். வாக்களிக்கும் வயது 18 ஆனது அரசியலமைப்பின் 61-ஆம் திருத்தத்துக்குப் பிறகே. எனவே அந்த முதல் வாக்கை இட்டவர் எவரேனும் இன்று இருந்தால் அவர் தொண்ணூற்றைந்து வயதை ஒட்டியவராக இருப்பார். ஆட்சி மாற்றத்தைக் கொண்டுவந்த 1967 தேர்தலில் முதன்முறை வாக்களித்தவர்கள்கூட எண்பதை நெருங்கியோ கடந்தோ நிற்கின்றனர். கோப்பு ஒன்று பதிவறையில் இன்னும் பத்தாண்டு காத்திருக்கக் கூடும். இவர்களால் அது இயலாது.

கோப்புகளின் நிலையும் ஆறுதல் அளிப்பதாக இல்லை. கொல்லிமலையின் நிருவாக எல்லைகள் மாறியபோதெல்லாம் அதன் காகிதங்கள் இடம் மாறின. நாமக்கல் வட்டம் 1910 முதல் 1929 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்து, பின் சேலத்துக்குத் திரும்பியது; 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமானது. ஆகவே நடு நூற்றாண்டுக்குரிய தாள்களைத் தேடுபவர் நாமக்கல்லோடு நிற்காமல் சேலம் ஆட்சியரகப் பதிவறைக்கும், சென்னை எழும்பூரில் ஒருகாலத்தில் மதராஸ் ரெக்கார்டு ஆபீஸ் என்று வழங்கிய தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் செல்ல வேண்டியிருக்கும். இதைவிடக் கவலை தருவது, கோப்பு முடிக்கப்படும்போதே அதன் ஆயுளும் முடிவாகிவிடும் அலுவலக நடைமுறை. நிரந்தரமாக வைக்க வேண்டியவை, பத்தாண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, ஓராண்டு முடிவு எனக் கோப்புகள் வகைப்படுத்தப்படுகின்றன. எந்த வகை என்று தீர்மானிப்பவர், அத்தாள் நாளைய நிருவாகத்துக்குத் தேவைப்படுமா என்றுதான் பார்ப்பாரேயன்றி, அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு மலையூரின் வரலாற்றுக்குத் தேவைப்படுமா என்று பார்க்க அவருக்குக் கடமையில்லை. வாக்குச்சாவடி அமைக்க மலையேறிய அலுவலரின் பயணப்படிக் கோரிக்கை போன்ற தாள் அற்பமானது என்று குறுகிய கால வகையில் சேர்க்கப்படத் தக்கது. ஆனால் எந்தப் பாதையில் எத்தனை நாள் நடந்து, எத்தனை சுமையாட்களோடு வாக்குப்பெட்டி மேலே வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

ஊர்க் கணக்குகளுக்கு வேறொரு முறிவு நேர்ந்தது. பெரும்பாலும் பரம்பரையாகக் கிராம அலுவல் பார்த்துவந்த கர்ணம், முன்சீப் பதவிகளை அரசு 1980-இல் ஒழித்து, கிராம நிருவாக அலுவலர் பதவியை ஏற்படுத்தியது. சீர்திருத்தம் என்ற வகையில் அது சரியான முடிவே. ஆயினும் கணக்குகளும் கடிதங்களும் அலுவலரின் வீட்டிலேயே வைக்கப்பட்டுவந்த ஊர்களில், கேட்டுப் பெறப்பட்டவை மட்டும் வட்டாட்சியர் அலுவலகம் சேர்ந்திருக்கும். மற்றவை பரணிலோ அடுப்பிலோ முடிந்திருக்கலாம். தனியார் வீடுகளில் இருக்கும் இத்தகைய தாள்களைப் பறிமுதல் செய்வதுபோல் கேட்கக் கூடாது என்றும், படியெடுத்துக்கொண்டு மூலத்தை வீட்டாரிடமே திருப்பித் தருவதே முறை என்றும் இவ்வமைப்பு கருதுகிறது.

எல்லாக் கோப்பும் கிடைத்துவிட்டாலும் அவை சொல்லாதவை பல. 1952-இலும் 1957-இலும் வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயரோ சின்னமோ இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி மறைவிடத்தில் வைக்கப்பட்டிருக்க, வாக்காளர் தாம் விரும்பிய பெட்டியில் வெறும் சீட்டைப் போட்டார். சீட்டில் முத்திரை குத்தும் முறை 1962 பொதுத் தேர்தலில்தான் பரவலாயிற்று. நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளைச் சின்னம் ஒட்டிய பெட்டியை, ஏர் பூட்டிச் சாமையும் தினையும் விதைத்த ஒரு குடும்பம் எவ்வாறு பார்த்தது? நாட்டுக்குப் பொதுவான பட்டக்காரரும் ஊர்க்கவுண்டரும் கூடிப் பேசி ஊர் முழுவதற்கும் ஒரே முடிவு எடுத்தனரா, அல்லது மறைவிடத்தின் தனிமையில் அம்முடிவு மீறப்பட்டதா? பெண்கள் யார் சொல்கேட்டுப் பெட்டியைத் தேர்ந்தனர்? இரட்டை உறுப்பினர் தொகுதிகளில் ஒருவருக்கு இரு வாக்கு உண்டு என்ற விதி, 1961 சட்டம் அத்தொகுதிகளை ஒழிக்கும்வரை, எத்தகைய குழப்பத்தை விளைத்தது? எண்ணிக்கைத் தாள் இக்கேள்விகள் எதையும் கேட்டதில்லை. ஊராட்சிகளின் பெயரில் இன்றும் வாழும் வாழவந்திநாடு, அரியூர்நாடு, சேலூர்நாடு, குண்டூர்நாடு என்னும் மரபுவழி நாடுகள் 1958 ஊராட்சிச் சட்டத்துக்குப் பின் தேர்தல் அமைப்புகளோடு எப்படிப் பொருந்தின என்பதற்கு விடை, அக்கூட்டங்களில் அமர்ந்திருந்தவர்களிடமே உள்ளது.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களின் ஆவண ஏற்பாடு இவ்விடத்தில் ஒப்பிடத் தக்கது. தூரத்து ஆடம்பரம் என்று அதை ஒதுக்க வேண்டியதில்லை. அங்கே காக்கப்படும் கோப்புகளில் சில இந்தியச் சிற்றூர்களைப் பற்றியவை. ட்ரூமன் 1949-இல் தம் பதவியேற்பு உரையில் அறிவித்த தொழில்நுட்ப உதவித் திட்டம், இந்தியாவில் 1952 அக்டோபர் 2 அன்று தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்துக்குப் பணமும் ஆலோசகரும் தந்தது. இன்றைய ஊராட்சி ஒன்றியங்கள் அத்திட்டத்தின் வட்டாரங்களிலிருந்து வளர்ந்தவை. ஐசனோவர் 1954-இல் கையெழுத்திட்ட பொதுச் சட்டம் 480, உபரித் தானியத்தை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்தது. ஜான்சன் 1965 முதல் அந்தத் தானியத்தை மாதக் கணக்குப் பார்த்து அளந்து விட்டபோது, தில்லியில் உணவு அமைச்சராக இருந்து அந்த நெருக்கடியைச் சுமந்தவர் பொள்ளாச்சிக்காரரான சி. சுப்பிரமணியம். ஜான்சனின் வேளாண் செயலர் ஆர்வில் ஃப்ரீமனும், தில்லியில் அமெரிக்கத் தூதராக இருந்த செஸ்டர் பௌல்ஸும் அளித்த வாய்மொழிப் பதிவுகள் ஆஸ்டின் நகரிலுள்ள ஜான்சன் நூலகத்தில் உள்ளன. காமராசர் ஆட்சியில் பரவிய பள்ளி மதிய உணவுக்கு 1960-களில் 'கேர்' என்னும் தொண்டு நிறுவனத்தின் வழியாக வந்த பால் பவுடர், மலைப் பள்ளிகளுக்கும் வந்ததா, வந்திருப்பின் யார் தலைச்சுமையாக வந்தது, குழந்தைகள் அதைக் குடித்தனரா கொட்டினரா என்பதை அந்நூலகம் சொல்லாது. அனுப்பியவரின் நினைவு காக்கப்பட்டிருக்க, பெற்றவரின் நினைவு கேட்கப்படாமல் இருப்பது ஒரு வரலாற்றின் பாதி மட்டுமே.

ஒருகாலத்தில் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த இராஜாஜி, அணுகுண்டு ஆய்வுகளை நிறுத்தும்படி வற்புறுத்த 1962 செப்டம்பர் 28 அன்று வெள்ளை மாளிகையில் கென்னடியைச் சந்தித்தார். அன்றைய படங்கள் பாஸ்டனில் உள்ள கென்னடி நூலகத்தில் இருக்கின்றன. அதே ஆண்டின் தேர்தலுக்கு வாக்குக் கேட்டு இம்மலையேறியவர் எங்கே தங்கினார், என்ன வாக்குறுதி தந்தார் என்பதற்கோ அத்தகைய பாதுகாப்பு எதுவும் வாய்க்கவில்லை.

அந்த நாட்டிலும் இந்த ஒழுங்கு இயல்பாக அமைந்துவிடவில்லை. நெடுங்காலம் தலைவர்கள் பதவி விலகும்போது தம் தாள்களைச் சொந்தச் சொத்தாகவே எடுத்துச் சென்றனர். ரூஸ்வெல்ட் தம் நூலகத்தை 1941-இல் திறந்து ஒரு வழியைக் காட்டினார். 1955 சட்டம் அதைப் பொதுவாக்கியது. ஆயினும் அத்தாள்கள் மக்களுக்கே உரியவை என்று 1978-இல்தான், நிக்சனின் ஒலிநாடாக்கள் குறித்த நீண்ட வழக்குக்குப் பின், சட்டம் வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆலன் நெவின்ஸ் 1948-இல் வாய்மொழி வரலாற்று அலுவலகத்தைத் தொடங்கியதற்குச் சொன்ன காரணம் இம்மலைக்கும் பொருந்துவது: தொலைபேசி வந்தபின் பெரியவர்கள் கடிதம் எழுதுவதைக் குறைத்துவிட்டனர், ஆகவே கேட்டுப் பதியாவிட்டால் எதுவும் மிஞ்சாது. கடிதம் எழுதும் வாய்ப்பே கிட்டாதவர்களிடம் அந்தத் தேவை எத்தனை மடங்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த அமெரிக்க ஏற்பாட்டின் குறைகளையும் கற்க வேண்டும். கென்னடியைப் பற்றிய பதிவுகளில் பல அவர் கொலையுண்ட சில மாதங்களிலேயே, நெருங்கியவர்களிடம், துயரம் ஆறுமுன் எடுக்கப்பட்டவை. அன்பு அவற்றில் சான்றைவிட மிகுந்திருப்பது வியப்பன்று. கென்னடியின் மனைவி 1964-இல் அளித்த பேட்டி முத்திரையிடப்பட்டு 2011-இல்தான் வெளிவந்தது. பேசியவர் விரும்பும்வரை மூடி வைக்கும் இந்த உரிமை, பெரிய மனிதருக்கு மட்டும் உரிய சலுகை ஆகாது. வேட்பாளரின் பேரன் அதே ஊரில் வாழ, அவருக்கு எதிராக வேலை செய்தவரின் மகள் அடுத்த வீட்டில் வாழும் மலையூரில் அது இன்னும் கூடுதலாகத் தேவை.

நினைவு தவறும், ஆகவே அது ஆவணமாகாது என்னும் மறுப்பு வழக்கமாக எழுவது. நினைவு தவறும் என்பது உண்மை. இத்தாலியின் தெர்னி நகரில் 1949-இல் காவல்துறையால் கொல்லப்பட்ட ஒரு தொழிலாளியின் சாவை, ஊரார் பலர் 1953-இல் நடந்த ஆட்குறைப்புக் கலவரத்தோடு சேர்த்து நினைவுகூர்ந்ததை அலெஸ்ஸாந்த்ரோ போர்தெல்லி ஆராய்ந்து, அந்தப் பிழை அவர்களுடைய அவமானத்தையும் கோபத்தையும் காட்டும் தடயம் என்று விளக்கினார். 1957-இன் நிகழ்ச்சியை 1962-இல் நடந்ததாக ஒரு முதியவர் சொன்னால், அதைக் கோப்போடு ஒப்பிட்டு அடிக்குறிப்பில் காட்டலாம். அவர் சொன்னதைத் திருத்தக் கூடாது. கோப்பும் பிழையற்றது அன்று: மலைக்கு வராமலே மலையைப் பற்றி எழுதப்பட்ட அறிக்கை எக்காலத்திலும் உண்டு.

இந்தியச் சட்டமும் இக்கருத்தை முற்றிலும் அறியாதது அன்று. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகள், உரிமை கோருபவர் அல்லாத ஊர் முதியோரின் வாக்குமூலத்தை எழுத்தில் வடித்து, சான்றுகளில் ஒன்றாக ஏற்கின்றன. நிலத்துக்குச் சான்றாகும் நாக்கு, அரசியலுக்குச் சான்றாகாது என்பதற்கு நியாயம் இல்லை.

ஆவணம் ஆராய்ச்சியாளரின் ஆசைக்காக மட்டும் வேண்டப்படுவதன்று. 1976 திருத்தச் சட்டத்தின் பழங்குடியினர் பட்டியல், மலையாளி மக்களைத் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களுக்குள் மட்டும் பழங்குடியினராகக் குறிக்கிறது. அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த பர்கூர் மலைகளில் வாழ்வோர் அதனால் வெளியே நின்றனர். கொல்லிமலை உள்ளே நிற்பதால்தான், தமிழகத்தின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட இரண்டில் ஒன்றாகச் சேந்தமங்கலம் இருக்கிறது, மற்றது ஏற்காடு. அந்தக் கோடு எந்தக் கடிதத்தால், எவர் பரிந்துரையால் அப்படி வரையப்பட்டது என்பது சிலருக்குச் சாதிச் சான்றிதழின் கேள்வி.

மேற்சொன்னவற்றின் அடிப்படையில் இவ்வமைப்பு சில நெறிகளை ஏற்கிறது. பேசுபவரின் இசைவு, பதிவுக்கு முன் ஒருமுறையும் எழுத்துப்படி வாசித்துக் காட்டப்பட்டபின் ஒருமுறையும் பெறப்படும்; எந்தப் பகுதியையும் எத்தனை ஆண்டும் மூடிவைக்கச் சொல்லும் உரிமை அவருடையது. எழுத்துப்படி மலைப்பேச்சிலேயே அமையும். அதை நூல்தமிழாக்குவது பேசியவரை மறைப்பதாகும். ஒலிப்பதிவின் ஒரு படி மலைமேலுள்ள செம்மேட்டிலேயே பொதுமக்கள் கேட்கும்படி இருக்கும். மறுபடியை ஆவணக் காப்பகமோ ஆராய்ச்சி நூலகமோ பெறலாம். கட்சிகளின் பெயரால் எந்தச் சாட்சியும் சேர்க்கப்படவோ விலக்கப்படவோ மாட்டாது.

அரசிடம் இவ்வமைப்பு கேட்பது இரண்டு. சேலம், நாமக்கல் பதிவறைகளில் 1970-க்கு முற்பட்ட, கொல்லிமலை தொடர்பான கோப்புகள் எவ்வகை முடிவில் இருப்பினும் அவற்றைக் கழிப்பதை நிறுத்திவைத்துப் பட்டியலிட வேண்டும். அப்பட்டியல் வட்டாட்சியர் அலுவலகத்தில் தமிழில் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். தன்னளவில் இவ்வமைப்பு, நேர்காணல்களை வயது வரிசையில் நடத்த முடிவு செய்துள்ளது: 1931-க்கு முன் பிறந்தவர்களை எல்லா நாடுகளிலும் கேட்டு முடித்த பின்னரே அடுத்த தலைமுறையிடம் ஒலிப்பதிவுக் கருவி செல்லும்.