ஆபரேஷன் முடிந்த பிறகு ஆரம்பிக்கும் வேலை... குழந்தைகளின் ரெக்கவரி அறை நர்ஸ்!

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது" என்று டாக்டர் சொன்னதும், வெளியே காத்திருக்கும் குடும்பம் நிம்மதிப் பெருமூச்சு விடும். அப்பா ஊருக்கு போன் போடுவார், பாட்டி குலசாமிக்கு நன்றி சொல்வார். ஆனால் தியேட்டர் கதவுக்கு உள்ளே ஒருவருக்கு அப்போதுதான் வேலையே ஆரம்பிக்கிறது. குழந்தையின் மயக்கம் தெளியும்வரை பக்கத்திலேயே நிற்கும் ரெக்கவரி அறை நர்ஸ்தான் அவர். வாரம் ஒரு வேலையைப் பற்றிப் பேசும் நம் பகுதியில், இந்த வாரம் இவரைப் பார்ப்போம்.

கண் மானிட்டரில், கை குழந்தையின் தாடையில்!

குழந்தையை 'சின்ன சைஸ் பெரியவர்' என்று நினைத்தால் இந்த வேலையைப் பார்க்கவே முடியாது. எடைக்கு எடை கணக்குப் போட்டால், கைக்குழந்தைக்குப் பெரியவர்களைப்போல சுமார் இரண்டு மடங்கு ஆக்ஸிஜன் தேவை. ஆனால், நுரையீரலில் இருக்கும் கையிருப்போ குறைவு. அதனால் மூச்சு தடைப்பட்டால் ஆக்ஸிஜன் அளவு சரசரவென்று இறங்கிவிடும். வாய்க்குள் இருக்கும் இடத்தோடு ஒப்பிட்டால் நாக்கும் பெரியது. அரைமயக்கத்தில் அது பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைக்கலாம்.

சில நேரம் எச்சிலோ ரத்தத்துளியோ பட்டு, குரல்நாண்கள் இறுக மூடிக்கொள்ளும். நெஞ்சு ஏறி இறங்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. அந்த நொடியில் தாடையை முன்னுக்குத் தூக்கிப் பிடித்து, மாஸ்க் வைத்து ஆக்ஸிஜன் கொடுத்துக்கொண்டே மயக்க டாக்டரைக் கூப்பிட வேண்டும். புத்தகத்தைப் புரட்ட நேரம் இருக்காது.

டான்சில் ஆபரேஷன் முடிந்த குழந்தை அமைதியாகத் தூங்குகிறது என்று நாம் நினைப்போம். நர்ஸோ அதன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். அடிக்கடி எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தால், உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம் இருக்கலாம்.

அழுகைக்கும் மார்க் உண்டு

ஒன்றரை வயதுக் குழந்தையிடம் "எங்கே வலிக்குது?" என்று கேட்டால் பதில் வருமா? அதற்காக 1997-ல் வெளியான 'ஃப்ளாக்' அளவுகோல் இருக்கிறது. முகம், கால்கள், உடல் அசைவு, அழுகை, சமாதானம் ஆகும் விதம் என ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் 10. மதிப்பெண் கூடக்கூட வலியும் அதிகம்.

கொஞ்சம் வளர்ந்த குழந்தைக்குச் சிரிப்பிலிருந்து அழுகை வரை ஆறு முகங்கள் வரைந்த அட்டை. 1980-களின் தொடக்கத்தில் டோனா வாங் என்ற நர்ஸும் கோனி பேக்கர் என்பவரும் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் தீக்காயம்பட்ட குழந்தைகளிடம் வேலை பார்த்தபோது உருவாக்கியது. இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது.

வார்டுக்கு அனுப்பவும் மதிப்பெண் உண்டு. 1970-ல் வந்த 'ஆல்ட்ரெட்' அளவுகோலின் இன்றைய வடிவில் கை கால் அசைவு, மூச்சு, ரத்த அழுத்தம், விழிப்பு, ஆக்ஸிஜன் அளவு எல்லாம் பார்த்து, பொதுவாக 10-க்கு 9 வந்தால்தான் வெளியே அனுப்புவார்கள். 'இன்னும் ஏன் குழந்தையைக் காட்டலை?' என்று நாம் தவிப்பது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

அம்மாவையே தெரியவில்லையா?

பெற்றோரை அதிகம் கலங்கடிப்பது இது. கண் விழித்த குழந்தை வீறிட்டு அழும், உதைக்கும், ட்ரிப்ஸைப் பிடுங்கும். அம்மா தூக்கினாலும் அடங்காது, அவர் முகத்தைக்கூடப் பார்க்காது. "சிஸ்டர், என் புள்ளைக்கு என்ன பண்ணீங்க?" என்று கோபம் அப்படியே நர்ஸ் மேல் பாயும்.

இது மயக்கம் தெளியும்போது வரும் தற்காலிகக் குழப்பம். 2 முதல் 5 வயதுக் குழந்தைகளிடம் அதிகம். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். ஆனாலும், 'குழப்பம்தான்' என்று நர்ஸ் உடனே முடிவு செய்துவிட முடியாது. ஆக்ஸிஜன் குறைந்தாலும், வலித்தாலும் குழந்தை இப்படித்தான் அலறும். ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்க வேண்டும். கூடவே, கட்டிலிலிருந்து குழந்தை விழாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், அம்மாவுக்கும் தைரியம் சொல்ல வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில்!

பெற்றோர் கவனத்துக்கு...

* சாப்பிட்டதை மறைக்காதீர்கள். "பாவம், பசிக்குமே" என்று கொடுத்த ஒரே ஒரு பிஸ்கட், மயக்கத்தில் வாந்தியாகி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. திட உணவு, மாட்டுப்பால், பவுடர் பாலுக்கு 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், தண்ணீருக்கு 2 மணி நேரம் என்பது பரவலான கணக்கு. உங்கள் மயக்க டாக்டர் சொல்லும் நேரமே இறுதியானது. தவறிக் கொடுத்துவிட்டால் சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.
* சமீபத்தில் சளி, இருமல், காய்ச்சல் இருந்ததா? பல் ஆடுகிறதா? முன்கூட்டியே சொல்லுங்கள்.
* அனுமதித்தால், குழந்தை கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மையையோ துணியையோ கொடுத்து அனுப்புங்கள்.
* கண் விழித்ததும் நீங்களாகத் தண்ணீர் கொடுக்காதீர்கள். நர்ஸ் சொல்லட்டும்.
* முதுகின் அடிப்பகுதியில் மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால், சில மணி நேரம் கால்கள் தளர்வாக இருக்கலாம். நடக்க விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.
* வீட்டுக்கு வந்த பிறகு ரத்தம் வந்தாலோ, மூச்சு சிரமமானாலோ, எழுப்பினாலும் எழாமல் தூங்கினாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இந்த வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. எல்லாம் சரியாக நடந்தால், சொல்வதற்கு ஒன்றுமே இருக்காது. தொந்தரவு வருவதற்கு முன்பே தடுத்துவிடுவதால், நர்ஸ் சும்மா பக்கத்தில் நின்றதுபோலத்தான் தெரியும். குழந்தைக்கும் அந்த முகம் பெரும்பாலும் நினைவில் இருக்காது. அதனால் வார்டுக்குப் போகும் முன் 'தேங்க்ஸ் சிஸ்டர்' என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம் இன்னொரு வேலையோடு சந்திப்போம்!