ஒரு சோடிச் சப்பாத்து

சினிமா என்றதும் நடிகைகளின் பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. கதை எழுதி நெறிப்படுத்திய பெண்களை யார் நினைக்கிறோம்? அப்படி மறக்கப்பட்டவர்களில் ஒருவரான அமெரிக்காவின் லொயிஸ் வெபரை இம்மாதம் உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

1879 இல் பென்சில்வேனியாவில் பிறந்த இவர், பேசாப் படங்களை எழுதி, நடித்து, நெறிப்படுத்தினார். 1914 இல் 'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்தைக் கணவருடன் இணைந்து முழுநீளப் படமாக்கினார். 1917 இல் சொந்தமாகவே படத் தயாரிப்பு நிறுவனமொன்றை ஆரம்பித்தார்.

இவரது படங்களில் என் மனதை உலுக்கியது, 1916 இல் வெளிவந்த 'சப்பாத்துகள்'. ஈவா கடையொன்றில் நாள் முழுதும் நின்று வேலை செய்கிறாள். தகப்பனோ வேலையின்றிக் கதைப் புத்தகம் வாசித்துக்கொண்டிருக்கிறார். அவளது சொற்பச் சம்பளத்தில்தான் குடும்பமே சாப்பிடுகிறது. தேய்ந்த சப்பாத்துக்குள் மட்டையை வெட்டி வைத்து மழையில் நடக்கிறாள். ஈற்றில் புதுச் சப்பாத்துக்காகத் தன்னையே விற்கிறாள். அதன் பிறகுதான் தகப்பனுக்கு வேலை கிடைக்கிறது!

வெபர் அவளைப் பழிக்கவில்லை. அவளது உழைப்பை உண்டு, அவளது தேவையைக் காணாத வீட்டையே காட்டுகிறார்.

1920களில் திரைத்தொழில் பெரிய நிறுவனங்களின் கைக்குப் போனது. வெபருக்கு வாய்ப்புகள் அருகின. 1939 இல் வறுமையில் காலமானார். அவரது படங்கள் பலவும் அழிந்துவிட்டன. 'சப்பாத்துகள்' மீட்டெடுக்கப்பட்டு இன்றும் பார்க்கக் கிடைக்கிறது.

சகோதரிகளே, வீட்டுக்காக உழைக்கும் மகளின் சம்பளத்தை எண்ணுகிறோம். அவளது பாதங்களை என்றாவது குனிந்து பார்த்திருக்கிறோமா?