ஏறுமுன் இறங்குதலை எண்ணுக

சுவிற்சர்லாந்தில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் எமக்கு ஒரு கடிதம் வரைந்திருந்தார். மாசி மாதப் பாடசாலை விடுமுறையில் மனைவி மக்களோடு செர்மாற் என்னும் மலையூருக்குச் சென்று பனிச்சறுக்கு விளையாட எண்ணியுள்ளாராம். நான்கு நாட் திட்டம் ஒன்றையும் உடன் அனுப்பி, "இதனைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லும்" என்று கேட்டிருந்தார்.

திட்டம் அழகானதுதான். எந்நாளில் எச்சிகரம், எவ்விடத்தில் உணவு என்பனவெல்லாம் அதில் இருந்தன. ஆனால், எத்தனை மணிக்கு இறங்குவது என்பது மாத்திரம் ஓரிடத்திலும் இல்லை!

நேயர்களே, செர்மாற் சிறிய ஊர். ஆனால் அதனைச் சூழ்ந்த பனிவெளியோ மிகப் பெரிது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீற்றர் உயரத்தில் ஊர் அமைந்திருக்கிறது. பெற்றோல் மோட்டார் வண்டிகளுக்கு அங்கே இடமில்லை. டேஷ் என்னும் அயலூரில் காரை நிறுத்திவிட்டுப் புகையிரதத்திற் செல்லல் வேண்டும். ஊரிலிருந்து கேபிள் காரில் ஏறினால் 3,883 மீற்றர் உயரத்திலுள்ள சிறிய மற்றர்ஹோர்ண் நிலையத்தை அடையலாம். அங்கிருந்து மறுபுறம் சறுக்கினால் இத்தாலி நாட்டுச் செர்வீனியா. இரு நாட்டுப் பாதைகளும் சேர்ந்து ஏறக்குறைய 360 கிலோமீற்றர் நீளம்.

நண்பர் முதல் நாளிலேயே அவ்வுச்சிக்குச் செல்ல நினைத்திருந்தார். அது தகாது. அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதன் மூன்றில் இரண்டு பங்கிலும் சற்றுக் குறைவு. தலைவலியும் மூச்சிரைப்பும் உடன் வரும். முதல் நாள் சப்பாத்தைக் காலுக்கு அளவாக வாடகைக்கு எடுப்பதற்கும் உறக்கத்திற்கும் உரியது. சறுக்குக் கட்டையையும் சப்பாத்தையும் இணைக்கும் பூட்டு, அணிபவரின் எடைக்கும் திறமைக்கும் ஏற்பத் திருத்தப்பட வேண்டியது. விழும்போது அது கழன்றால்தான் கால் தப்பும். இதில் வீண்பெருமைக்காகத் திறமையைக் கூட்டிச் சொல்வோர் தம் எலும்பையே பணயம் வைக்கின்றனர்.

இரண்டாம் நாள் ஆசிரியர் ஒருவரிடம் தாழ்ந்த சரிவிற் பயில்க. மூன்றாம் நாள், 1898 ஆம் ஆண்டு தொடங்கிய பல்சக்கரப் புகையிரதத்தில் 3,089 மீற்றர் உயரமுள்ள கோர்ணர்கிராற் சென்று பனியாறுகளைக் காண்க. நாலாம் நாள் வானம் தெளிந்து, காற்றும் அடங்கியிருந்து, ஆசிரியரும் இசைந்தால் மாத்திரம் இத்தாலியை நினைக்க. காற்று மிகுந்தால் இரு நாட்டையும் இணைக்கும் வண்டிகள் நின்றுவிடும். கடைசி வண்டியைத் தவறவிட்டவருக்கு மலையைச் சுற்றிப் பல மணி நேர மோட்டார்ப் பயணமே கதி. ஆகவே அன்றைய கணக்கைக் கடைசி வண்டியின் நேரத்திலிருந்து பின்னோக்கியே போடல் வேண்டும். கடவுச்சீட்டும் காப்புறுதிப் பத்திரமும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

அந்நாட்டிலே நீலப் பாதை எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்புக் கடினம். பாதைக்குப் புறத்தே பனிச்சரிவு அபாயம் உண்டு. அதன் அளவை ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்டு நாள்தோறும் அறிவிக்கின்றனர். வழிகாட்டியின்றி அப்புறம் செல்வது ஆகாது. மாலையிற் பாதைகள் மூடப்பட்டபின் பனியைச் செப்பனிடும் பெரும் பொறிகள் கம்பிவடங்களுடன் வருகின்றன. இருளில் அவ்வடம் சறுக்குபவர் கண்ணுக்குத் தெரியாது; பட்டால் உயிர் தப்புதல் அரிது.

இவையெல்லாம் நண்பருக்குத் தெரியாதவை அல்ல. அவருடைய இடர்ப்பாடு வேறு. அந்நாட்டுப் பாடசாலைகள் பல மாணவரைப் பனிச்சறுக்கு முகாமுக்கு அழைத்துச் செல்லும் வழக்கமுடையன. அதனால் அவர் பிள்ளைகள் இருவரும் கறுப்புப் பாதையிலும் வல்லவர்கள். தந்தையோ கட்டையைக் காலிற் பூட்டியும் அறியார். "பிள்ளைகள் முன் நான் கீழே நின்று பார்ப்பதா?" என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தார். அந்த ஒரு வரியே எம்மை அச்சுறுத்தியது.

1865 ஆம் ஆண்டு ஆடி 14 ஆம் நாள், எட்வேட் விம்பர் உட்பட எழுவர் மற்றர்ஹோர்ண் சிகரத்தை முதன்முதலில் எட்டினர். வெற்றி கைகூடிவிட்டது. ஆனால் இறங்கும்போது ஒருவர் கால் சறுக்க, கயிறு அறுந்து நால்வர் மாண்டனர். அறுந்த அக்கயிறு செர்மாற் நூதனசாலையில் இன்றும் இருக்கிறது.

நண்பருக்கு யாம் எழுதிய மறுமொழி இதுதான்: "முதலில் அக்கயிற்றைக் காண்க. பின்பு நீலப் பாதையில் உம் பிள்ளைகளையே ஆசானின் துணைவராகக் கொள்க. தந்தை விழுவதைக் கண்டு பிள்ளைகள் சிரிப்பர், சிரிக்கட்டும். மாலையில் நால்வரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்பதே பயணத்தின் வெற்றி."